அரசு வக்கீல் யாருடைய வக்கீல்? – கோகுல்ராஜ் வழக்கை முன்வைத்துச் சில குறிப்புகள்

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சாலை விபத்து வழக்கில் சாட்சி சொல்ல எனக்குச் சம்மன் வந்தது. சங்ககிரி பக்கம் பைபாஸில் ஒரு டெம்போ முன்னால் போன மொபெட்டை இடித்துத் தள்ளியதை நேரில் பார்த்திருந்தேன். போலீஸ் கேட்டபோது பெயரும் போன் நம்பரும் கொடுத்தேன். அதோடு மறந்தும் போனேன். மூன்றரை வருஷம் கழித்துச் சம்மன்.

கோர்ட் வாசலில் நின்ற ஏட்டையாவிடம், "நம்ம பக்கத்து வக்கீல் யாருங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "நமக்குன்னு வக்கீல் எல்லாம் இல்லீங்க சார். ஏபிபி மேடம் இருக்காங்க. அவங்க கேக்கறதுக்குப் பதில் சொன்னாப் போதும்."

ஏபிபி மேடத்தின் கையில் அன்றைக்கு மட்டும் ஒரு கட்டு ஃபைல். வராந்தாவில் நின்றபடியே ஐந்து நிமிஷம் பேசினார். போலீசிடம் நான் சொன்னதாக எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னார். கடைசியாக ஒன்று சொன்னார்: "பார்த்ததை மட்டும் சொல்லுங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க. கேஸ் நிக்கணும்னு எதையும் சேர்த்துச் சொல்லாதீங்க."

அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கேஸை ஜெயிக்க வேண்டியவர் அவர்தானே? அன்று ஆரம்பித்த கேள்விதான் இந்தக் குறிப்பு. நான் வக்கீல் இல்லை, சாஃப்ட்வேர் இன்ஜினியர். ஆனால் சட்டப் புத்தகமும் தீர்ப்புகளும் எல்லோரும் படிக்கத்தான் இருக்கின்றன.

மூன்று வகை

"அரசு வக்கீல்" என்று நாம் பொதுவாகச் சொல்லும் ஆட்கள் மூன்று வகை.

முதலாவது, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இருப்பவர். உதவி அரசு வழக்கு நடத்துநர், சுருக்கமாக ஏபிபி. டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுதி வரும் நிரந்தர அரசு ஊழியர். தேர்வு எழுதுவதற்கே குற்றவியல் கோர்ட்டுகளில் ஐந்து ஆண்டு தொழில் அனுபவம் கேட்கிறார்கள். சின்னத் திருட்டு, அடிதடி, லாரி விபத்து என்று சேலம், நாமக்கல் பக்கம் தினமும் நடக்கும் வழக்குகளில் பெரும்பகுதி இவர்கள் கையில்தான்.

இரண்டாவது, செஷன்ஸ் கோர்ட்டில் இருக்கும் பிபி, கூடுதல் பிபி. கொலை, கொலை முயற்சி, பாலியல் வன்முறை போன்ற பெரிய வழக்குகள் இங்கே. செஷன்ஸ் விசாரணையை அரசு வழக்கறிஞர்தான் நடத்த வேண்டும் என்பது சட்டம். குறைந்தது ஏழு ஆண்டு வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும். கலெக்டர், மாவட்ட நீதிபதியைக் கலந்து ஒரு பெயர்ப் பட்டியல் தயாரிக்க, அதிலிருந்து மாநில அரசு நியமிக்கும். ஆட்சி மாறினால் பிபியும் மாறுவார் என்பது ஊரறிந்த விஷயம்.

மூன்றாவது, சிறப்பு அரசு வழக்கறிஞர். ஒரு குறிப்பிட்ட வழக்குக்காகவோ ஒரு வகை வழக்குகளுக்காகவோ நியமிக்கப்படுபவர். பத்து ஆண்டு அனுபவம் வேண்டும்.

செக் பவுன்ஸ் வழக்குகளில் இவர்கள் யாரும் வரமாட்டார்கள். அது தனிநபர் புகார். பணம் கொடுத்து ஏமாந்தவர் தன் சொந்த வக்கீலைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஃபைனான்ஸும் லாரித் தொழிலும் நிறைந்த நம் பகுதியில் இது தெரியாமல் ஏபிபி ரூமுக்கு வெளியே காத்திருப்பவர்கள் இன்றும் உண்டு.

போலீஸ் வக்கீலா?

1973 குற்றவியல் நடைமுறைச் சட்டம் வருவதற்கு முன்னால், மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் பெரும்பாலும் போலீஸ் அதிகாரிகளே வழக்கு நடத்தினார்கள். பிடித்தவரே வாதாடுவார். புதிய சட்டம் 1974 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தபோது இதைப் பிரித்தது. ஆனாலும் சில மாநிலங்களில் ஏபிபிக்கள் காவல் துறையின் கீழேயே இருந்தார்கள். 1995-இல் உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிரா வழக்கு ஒன்றில், அவர்களைக் காவல் துறையிலிருந்து விலக்கித் தனித் துறையாக்கச் சொன்னது. 2005 திருத்தம் இதற்கென்று ஓர் இயக்குநரகத்துக்கு இடம் கொடுத்தது. தமிழ்நாட்டில் அது குற்ற வழக்குத் தொடர்வுத் துறை.

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (இனி புதிய சட்டம் என்றே சொல்கிறேன்) மாவட்ட அளவிலும் இந்த இயக்குநரகத்துக்கு இடம் தருகிறது. பத்து ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை வரக்கூடிய வழக்குகளை இயக்குநர் கண்காணிக்க வேண்டும். ஏழு முதல் பத்துக்குள் என்றால் துணை இயக்குநர். அதற்குக் கீழே உதவி இயக்குநர்.

ஏன் இத்தனை கவனமாகப் பிரிக்கிறார்கள்? சாஃப்ட்வேரில் கோட் எழுதியவரே டெஸ்ட் பண்ணக் கூடாது என்போம். தன் கோடில் இருக்கும் ஓட்டை எழுதியவர் கண்ணுக்குத் தெரியாது. அரசு வழக்கறிஞரின் வேலையில் பாதி, போலீஸ் கொண்டுவரும் கேஸில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று கோர்ட்டுக்குப் போகும் முன்பே பார்ப்பது. மகஜரில் தேதி இடிக்கிறதா? மருத்துவச் சான்றில் இருக்கும் காயமும் எஃப்ஐஆரில் சொன்ன ஆயுதமும் பொருந்துகிறதா? முக்கியமான ஒருவர் சாட்சிப் பட்டியலிலேயே விட்டுப்போய்விட்டாரா? போலீசுக்கு அடங்கி நடப்பவரால் இதைக் கேட்க முடியாது.

அதேபோல அவர் பாதிக்கப்பட்டவரின் சொந்த வக்கீலும் அல்ல. எப்படியாவது தண்டனை வாங்கித் தருவது அரசு வழக்கறிஞரின் வேலை இல்லை, குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான உண்மை இருந்தால் அதையும் கோர்ட் முன் வைக்க வேண்டும் என்று 1999-இல் சிவகுமார் எதிர் ஹுக்கம் சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. வராந்தாவில் ஏபிபி மேடம் எனக்குச் சொன்னதும் இதைத்தான். படித்த பிறகுதான் புரிந்தது.

அப்படியானால் பாதிக்கப்பட்ட குடும்பம் யாரை நம்புவது? போலீசுக்கும் தனக்கும் நடுவில் நிற்கிற இந்த ஒருவர் மேல் நம்பிக்கை இல்லாமல் போனால் என்ன செய்வது? இதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு வழக்கு பாடமாக இருக்கிறது.

கோகுல்ராஜ் வழக்கு

கோகுல்ராஜ் ஓமலூர்க்காரர். பி.இ. முடித்த 21 வயதுப் பையன். தலித். 2015 ஜூன் 23 அன்று, கூடப் படித்த தோழியோடு திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயில் மலைக்குப் போனார். தோழி கொங்கு வேளாளர் சமூகம். அங்கிருந்து அவரை ஒரு கும்பல் அழைத்துக்கொண்டு போனது. மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. தற்கொலை என்று நம்பும்படி எல்லாம் செய்து வைத்திருந்தார்கள்.

ஆரம்பத்தில் விசாரித்த திருச்செங்கோடு டிஎஸ்பி விஷ்ணுபிரியா அதே ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. தீரன் சின்னமலைக் கவுண்டர் பேரவை என்ற அமைப்பின் தலைவர் யுவராஜ்தான் முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டவர். பல மாதம் தலைமறைவாக இருந்துகொண்டு வாட்ஸ்ஆப்பில் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஆடியோக்கள் எங்கள் ஆபீஸ் குரூப் வரைக்கும் வந்தன. அக்டோபரில் நாமக்கல்லில் சரணடைந்தார்.

விசாரணை நாமக்கல் செஷன்ஸ் கோர்ட்டில் நடந்தது. கோயிலுக்குக் கூடப் போன தோழிதான் முக்கியச் சாட்சி. மாஜிஸ்திரேட் முன்னிலையில் ஏற்கெனவே வாக்குமூலம் கொடுத்திருந்தார். 2018-இல் கூண்டில் ஏறியபோது மாற்றிச் சொல்லிவிட்டார். வேறு சிலரும் பிறழ்ந்தார்கள்.

இந்தக் கட்டத்தில் கோகுல்ராஜின் தாயார் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அரசுத் தரப்பை நடத்தும் வழக்கறிஞரை மாற்ற வேண்டும், வழக்கை வேறு மாவட்டத்துக்கு மாற்ற வேண்டும் என்பவை அவர் கேட்டவை. 2019-இல் வழக்கு, மதுரையில் உள்ள வன்கொடுமைத் தடுப்புச் சட்டச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. நாமக்கல்லிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர். மூத்த வழக்கறிஞர் ப.பா.மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக நியமிக்கப்பட்டார்.

2022 மார்ச் 5 அன்று பத்துப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. ஐந்து பேர் விடுதலை. மார்ச் 8 அன்று தண்டனை அறிவிக்கப்பட்டது. யுவராஜுக்குச் சாகும் வரை சிறை. 2023 ஜூன் 2 அன்று உயர் நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது.

முன்பு வழக்கு நடத்தியவர் தவறு செய்தார் என்று நான் எழுத வரவில்லை. கோர்ட்டும் மாறியது, வழக்கறிஞரும் மாறினார். எதனால் எவ்வளவு மாறியது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. நான் கவனித்தது வேறு. பிள்ளையைப் பறிகொடுத்த ஓர் அம்மா, "இந்த நாற்காலியில் நான் நம்பும் ஒருவர் உட்கார வேண்டும்" என்று கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-இல் 4(5) என்று ஒரு விதி. பாதிக்கப்பட்டவர் விரும்பினால், அனுபவமுள்ள ஒரு மூத்த வழக்கறிஞரை மாவட்ட ஆட்சியரே நியமிக்கலாம், கட்டணம் அரசு கொடுக்கும் என்கிறது அது. சிறப்பு அரசு வழக்கறிஞர்களின் செயல்பாட்டை ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியிலும் ஜூலையிலும் ஆட்சியர் ஆய்வு செய்ய வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. எத்தனை குடும்பங்களுக்கு இது தெரியும்?

பிறழ் சாட்சி என்றால் கேஸ் முடிந்ததா?

இல்லை. ஒரு சாட்சி பிறழ்ந்தால், கோர்ட் அனுமதியோடு அரசு வழக்கறிஞர் தன் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்யலாம். முன்பு கொடுத்த வாக்குமூலத்தைக் காட்டி, "அன்று இப்படிச் சொன்னீர்களே?" என்று கேட்கலாம். பிறழ்ந்தார் என்பதற்காக அவர் சொன்ன எல்லாமே குப்பைக்குப் போய்விடாது, நம்பத்தக்க பகுதியை எடுத்துக்கொள்ளலாம் என்று 1976-லிருந்தே உச்ச நீதிமன்றம் சொல்லிவருகிறது.

நேரில் பார்த்த சாட்சி கிடைக்காவிட்டால் மீதி இருப்பது சூழ்நிலைச் சாட்சியம். கடைசியாக யாரோடு பார்க்கப்பட்டார், எந்த வண்டி எங்கே போனது, போன் எந்த டவரில் இருந்தது என்று ஒவ்வொரு கண்ணியாகக் கோக்க வேண்டும். நடுவில் ஒரு கண்ணி விட்டால் சங்கிலி அறுந்தது. செல்லும் பாதையில் இன்னொரு விளக்கத்துக்கு இடம் இருந்தாலும் சந்தேகத்தின் பலன் எதிர்த் தரப்புக்கு. இதைக் கோப்பதுதான் அரசு வழக்கறிஞரின் உண்மையான உழைப்பு. அதற்கு ஃபைலோடு பல ராத்திரிகள் உட்கார வேண்டும்.

இந்த வழக்கில் அப்படி ஒரு பெரிய கண்ணி, கோயிலில் இருந்த சிசிடிவி பதிவு. என் தொழிலுக்குப் பக்கத்தில் இருப்பதால் இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வீடியோ இருக்கிறது, போட்டுக் காட்டினால் போதும் என்று நாம் நினைக்கிறோம். கோர்ட்டுக்கு அது போதாது. டிவிஆர் பெட்டியிலிருந்து பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தால், அந்த நகலோடு இந்தியச் சாட்சியச் சட்டம் 65பி-இன்படி ஒரு சான்றிதழ் வேண்டும். எந்தக் கருவியிலிருந்து, எப்படி எடுத்தது, கருவி அப்போது ஒழுங்காக வேலை செய்ததா என்று பொறுப்பானவர் கையெழுத்துப் போட வேண்டும். 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில், நகல் என்றால் இந்தச் சான்றிதழ் கட்டாயம், மூலக் கருவியையே கொண்டுவந்து நிரூபித்தால் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இப்போதைய பாரதிய சாட்சிய அதிநியமில் 63-ஆவது பிரிவு. சான்றிதழில் ஹேஷ் மதிப்பையும் எழுத வேண்டும், நிபுணர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும்.

ஹேஷ் என்பது ஒரு ஃபைலின் கைரேகை மாதிரி. வீடியோவில் ஒரே ஒரு பிட் மாறினாலும் வேறு எண் வந்துவிடும். பறிமுதல் செய்த அன்றே இந்த எண்ணை எழுதிவைத்தால், "நடுவில் யாரோ வெட்டி ஒட்டிவிட்டார்கள்" என்ற வாதத்துக்கு ஒரே வரியில் பதில் சொல்லலாம். எழுதிவைக்கவில்லை என்றால் வருஷக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். சான்றிதழ் இருக்கிறதா என்று குற்றப்பத்திரிகை போகும் முன்பே கேட்க வேண்டியவர் யார்? அரசு வழக்கறிஞர்தான்.

மேல்முறையீட்டில் இந்தப் பதிவு பற்றிக் கேள்விகள் எழுந்தபோது, நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷும் ஆனந்த் வெங்கடேஷும் 2023 ஜனவரியில் திருச்செங்கோடு மலைக்கே நேரில் வந்து, கேமராக்கள் இருந்த இடங்களையும் வாசல்களையும் பார்த்தார்கள். மேல்முறையீட்டு நீதிபதிகள் இப்படி இடத்தைப் பார்க்க வருவது அபூர்வம்.

அதற்கு முன், 2022 நவம்பரில் அந்தத் தோழியை உயர் நீதிமன்றம் மறுபடி அழைத்து, வீடியோவைப் போட்டுக் காட்டிக் கேட்டது. அதில் இருப்பது தான் இல்லை என்றார். நீதிமன்றம் தானாகவே அவர்மேல் அவமதிப்பு நடவடிக்கை எடுத்தது.

அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. ஒரு மொபெட் விபத்துக்குச் சாட்சி சொல்லப் போனபோதே, "எதுக்குங்க வம்பு, பார்க்கலைன்னு சொல்லிட்டு வந்துடுங்க" என்று எனக்கு இரண்டு பேர் புத்தி சொன்னார்கள். ஒரு ஊர், ஒரு சாதி, ஒரு குடும்பம் எல்லாம் சேர்ந்து ஒரு இளம்பெண்ணிடம் என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

பயந்த சாட்சிக்கு என்ன வழி?

2018 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் மகேந்தர் சாவ்லா வழக்கில் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை நாடு முழுவதும் அமல்படுத்தச் சொன்னது. அதன்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு குழு. தலைவர் மாவட்ட நீதிபதி, உறுப்பினர் மாவட்டக் காவல் தலைவர். உறுப்பினர்-செயலர் யார் தெரியுமா? மாவட்டத்தின் அரசு வழக்குத் தொடர்வுப் பிரிவின் தலைவர். மனுவை அவரிடம்தான் கொடுக்க வேண்டும். எந்த அளவு ஆபத்து என்று போலீஸ் ஐந்து வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். ரோந்து, வீட்டில் கேமரா, மூடிய அறையில் விசாரணை, தேவையானால் தற்காலிகமாக வேறு இடம் என்று பல வகைப் பாதுகாப்பு உண்டு.

நாமக்கல்லில் அந்தப் பெண் கூண்டில் ஏறிய சில மாதங்கள் கழித்துத்தான் இந்தத் தீர்ப்பு வந்தது. முன்பே வந்திருந்தால் மாறியிருக்குமா என்று சொல்ல முடியாது. ஆனால் இப்போது இருக்கிறது.

இன்னும் சில வழிகளையும் குறித்து வைக்கிறேன். யாருக்காவது உதவும்.

பாதிக்கப்பட்டவர் அரசு வழக்கறிஞருக்கு உதவியாகத் தன் சொந்த வக்கீலைக் கோர்ட் அனுமதியோடு வைத்துக்கொள்ளலாம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாட்களுக்குள் போலீஸ் தெரிவிக்க வேண்டும் என்கிறது புதிய சட்டம். வன்கொடுமை வழக்கில் ஜாமீன் மனு வந்தால் பாதிக்கப்பட்டவர் தரப்பையும் கேட்டாக வேண்டும். அரசு வழக்கறிஞர் ஒரு வழக்கைத் திரும்பப் பெற விரும்பினால் கோர்ட் சம்மதம் வேண்டும், இப்போது பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் அந்தச் சம்மதத்தைக் கொடுக்கவும் கூடாது. விடுதலைத் தீர்ப்பு வந்து, அரசு மேல்முறையீடு செய்யாமல் விட்டாலும் பாதிக்கப்பட்டவர் தானே செய்யலாம்.

இவை எல்லாமே கேட்டால்தான் கிடைக்கும். கேட்பதற்கு அந்த அலுவலகம் இருக்கிறது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். எஸ்பி ஆபீஸ் எங்கே, கலெக்டர் ஆபீஸ் எங்கே என்று கேட்டால் சேலத்தில் யாரும் வழி சொல்வார்கள். அரசு வழக்கறிஞர் அலுவலகம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.

என் கதைக்கு வருகிறேன். கூண்டில் எதிர்த் தரப்பு வக்கீல், "வண்டி நம்பரைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். "பார்க்கலைங்க" என்றேன். கேஸ் கெட்டுப்போச்சோ என்று பயத்தோடு ஏபிபி மேடத்தைப் பார்த்தேன். அவர் அதை அப்படியே குறித்துக்கொண்டு, அடுத்த சாட்சியைக் கூப்பிடச் சொன்னார். நம்பரைச் சொல்ல வேறொருவர் இருந்தார்.

உங்களுக்கும் என்றாவது சம்மன் வரலாம். வந்தால் கிழித்துப் போட வேண்டாம். விசாரணைத் தேதிக்கு ஒரு நாள் முன்பே போய் அந்தக் கோர்ட் ஏபிபியைப் பாருங்கள். நீங்கள் சொன்னதாக என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். யாராவது மிரட்டியிருந்தால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். அவர் உங்கள் வக்கீல் இல்லைதான். ஆனால் நீங்கள் பார்த்ததைப் பயமில்லாமல் சொல்ல வழி செய்ய வேண்டியது அவர் வேலை.